மார்ல்விக் நகரில் பார்க்க வேண்டிய பதினான்கு இடங்களும் என் ஆட்சேபனையும்

மடுமாதா இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று நியாயம் தீர்ப்பாராக

பீலெஃபெல்ட்,
ஞாயிறு, பூசைக்குப் பின்

பேரன்புக்குரிய வருங்காலச் சம்பந்தியார் ஜேசுரட்ணம் அண்ணை அவர்கட்கு,

அல்பேர்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் லூர்தம்மாவும் மகள் பிறின்சியும் நல்ல சுகம். அங்கே நீங்களும் பிறேமா அக்காவும் மருமகன் டெனிஸ்டனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று காலைப் பூசையில் மன்றாடினேன். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் உங்கள் ஊர்க் கால்வாய். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். இந்தக் காலத்தில் எவன் கடுதாசி எழுதுகிறான் என்று நீங்கள் சிரிப்பீர்கள். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் பிள்ளைகள் வாசித்துவிடும். தனியாக எழுதினால் நீங்கள் பெருவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் படுத்துவிடுவீர்கள். கடுதாசிக்கு அப்படிப் பதில் அனுப்ப ஏலாது.

கலியாணம் பேசி முடித்த அன்று நாம் எல்லாவற்றையும் முடிவு செய்தோம். எந்தக் கோயில், எந்தச் சாமியார், மீன் போடுவதா இறைச்சி போடுவதா என்பது வரை பேசியாகிவிட்டது. பிள்ளைகள் எங்கே குடியிருப்பது என்பதை மட்டும் விட்டுவிட்டோம். எங்கள் வழமையில் இதில் பேச என்ன கிடக்கிறது? மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வர வேண்டும். என் அப்பா என் அம்மா வீட்டுக்குப் போனார். நான் லூர்தம்மா வீட்டுக்குப் போனேன். நீங்களும் பேசாலையில் பிறேமா அக்கா வீட்டுக் கிணற்றில்தான் குளித்தீர்கள் என்று அக்காவே சொன்னா. அப்படியிருக்க, "காலம் மாறிப் போச்சுது தம்பி, பிள்ளையள் ரண்டு ஊரையும் பாத்திட்டு முடிவெடுக்கட்டும்" என்று வாயைத் திறந்தது நீங்கள். உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு நாங்கள் உங்கள் மார்ல்விக்குக்கு வருவது, கோடையில் நீங்கள் எங்கள் பீலெஃபெல்டுக்கு வருவது, பிறகு பிள்ளைகள் சொல்வது என்று ஒப்பந்தம். மாப்பிள்ளை பார்க்கப் போன தகப்பனைக் கண்டிருக்கிறேன். ஊர் பார்க்கப் போன தகப்பன் நான் ஒருவன்தான்.

ஏன் போனேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறின்சி எனக்கு ஒரே பிள்ளை. அவள் வேலை செய்கிற காதுக்கருவிக் கடை என் பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே. பாண் தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும்போது கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைப்பேன், அவள் உள்ளேயிருந்து கையசைப்பாள். வேறொன்றும் இல்லை. ஆனால் அது இல்லாமல் நான் எப்படி வீட்டுக்குப் போவேன் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு மகன் பக்கத்தில் இருக்க வேண்டுமென்ற ஆசை இருப்பதுபோல எனக்கும் இருக்காதா?

சரி, பயணத்துக்கு வருவோம். விமான நிலையத்திலேயே உங்கள் புத்திமதி பலன் தரத் தொடங்கிவிட்டது. "கலியாணம் அது இது எண்டு வாய் திறக்காதையுங்கோ. பிறகு விசாக் கதை வரும். ஊர் சுத்திப் பாக்க வாறம் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றீர்கள். நானும் அப்படியே சொன்னேன். எந்த ஊர் என்று அந்த அதிகாரி கேட்டான். மார்ல்விக் என்றேன். அவன் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினான். "மார்ல்விக்கா? ஏன்?" என்றான். பார்க்க என்றேன். "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று அவன் கேட்டதில் கள்ளம் இல்லை, உண்மையிலேயே அறிய விரும்பினான். பக்கத்து மேசையில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, "இவர்கள் மார்ல்விக்கைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார்களாம்" என்றான். அவள் மார்ல்விக்கில் பிறந்தவளாம்! என்னைப் பாவம்போலப் பார்த்து, தான் பதினெட்டு வயதில் அங்கிருந்து தப்பினதாகச் சொன்னாள். கடைசியில் நீங்கள் முன்கூட்டியே தபாலில் அனுப்பிய 'மார்ல்விக்கில் பார்க்கவும் செய்யவும் பதினான்கு' என்ற துண்டுப்பிரசுரத்தைக் காட்டித்தான் வெளியே வந்தோம். அதிகாரிகள் இரண்டு பேரும் அதை ஒரு சொல் விடாமல் வாசித்தார்கள். பின்னால் நின்ற வரிசை என்னைச் சபித்தது.

அண்ணை, நீங்கள் அந்த ஊரில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறீர்கள். பெற்றோல் செட், வீடு, கோயில், லண்டன் போகிற பெருந்தெரு, இந்த நாலையும் தவிர ஓரிடமும் உங்களுக்குத் தெரியாது என்பதை முதல் நாள் காலையிலேயே கண்டுகொண்டேன். எந்த இடத்துக்குப் போவதானாலும் காரை நிறுத்தி, நாய் கூட்டிக்கொண்டு போகிற யாராவது ஒரு கிழவரிடம் வழி கேட்டீர்கள். பிறகு உங்களிடமிருந்த துண்டுப்பிரசுரப் பிரதியைக் கையில் விரித்து, தவக்காலத்தில் உபதேசியார் சிலுவைப்பாதை வாசிக்கிற அதே குரலில், "முதலாமிடம், மணிக்கூட்டுக் கோபுரம்" என்று ஆரம்பித்தீர்கள். சிலுவைப்பாதையிலும் பதினான்கு தலங்கள்தானே, லூர்தம்மாவுக்கும் அந்த நினைப்பு வந்துவிட்டது. என் காதுக்குள், "இஞ்சையப்பா, ஒவ்வொண்டிலையும் முழங்காலிலை நிக்கவேணுமோ?" என்று கேட்டாள். நான் அதட்டினேன். அவள் சொன்னது பலித்தது என்பதுதான் என் கவலை.

மணிக்கூட்டுக் கோபுரம் அடி முதல் முடி வரை பச்சை வலையால் மூடிக் கிடந்தது. எப்போதிருந்து என்று கேட்டேன். "கனகாலமாத் திருத்துறாங்கள்" என்றீர்கள். ஒரு மணிக்கூடும் தெரியவில்லையே என்றேன். "உள்ளுக்கை இருக்கு, நம்புங்கோ" என்றீர்கள். தோமையாருக்குக்கூட விரலை விட்டுப் பார்க்க இடம் கொடுத்தார் ஆண்டவர். எனக்கு அந்த வலையைத் தூக்கிப் பார்க்கவும் அனுமதியில்லை.

அடுத்தது சந்தைச் சதுக்கத்துச் சிலை. அவர் யார் என்று கேட்டதற்கு "பெரிய ஆள்" என்று மட்டும் சொன்னீர்கள். தலையில் கூரான ஏதோ ஒன்று வைத்து நீளமான அங்கியோடு நின்றதால் லூர்தம்மா அவரை யாரோ ஓர் ஆயர், மேற்றிராணியார் என்று நினைத்துவிட்டாள். சிலுவை அடையாளம் போட்டு, பிறின்சியின் கலியாணம் தடையில்லாமல் நடக்க வேண்டுமென்று சிலையின் காலைத் தொட்டு வேண்டினாள். நீங்களும் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றீர்கள், அதையும் நான் மறக்கவில்லை. அப்போது டெனிஸ்டன் ஓடிவந்து, "மாமி, அது ரோட்டு வேலைக்கு வைக்கிற கூம்பு. சனிக்கிழமை குடிச்சிட்டு வந்து ஏறி வைக்கிறவங்கள். அவர் பியர் காய்ச்சி வித்தவர்" என்று விளக்கம் சொன்னார். லூர்தம்மா ஊர் திரும்பிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். எங்கள் ஜேர்மன் சாமியார் பாவத்தைப் பொறுத்துவிட்டு நன்றாகச் சிரித்தாராம்.

பொத்தான் நூதனசாலை பூட்டியிருந்தது. முன்கூட்டி நேரம் எடுத்தால்தான் திறப்பார்களாம். இங்கேதான் பல்லுப் பிடுங்குவதற்கும் தலைமயிர் வெட்டுவதற்கும் டேர்மின் என்று அலைகிறோம், பொத்தான் பார்க்கவும் டேர்மினா? கதவில் இருந்த இலக்கத்துக்கு பிறின்சி பேசினாள். ஒரு வயதான வெள்ளைக்கார மனுசி அடுப்பங்கரைக் கச்சையோடு ஓடிவந்து திறந்தா. கனநாளாக யாருமே வரவில்லையாம். வந்தவர்களை விட அவவுக்கு மனமில்லை. எலும்புப் பொத்தான், கொம்புப் பொத்தான், சிப்பிப் பொத்தான், இராணுவப் பொத்தான் என்று ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்தா. நீங்கள் காரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய், காருக்குள் நித்திரை கொண்டதை நான் யன்னலால் கண்டேன். ஒரு மொழியும் சரியாகப் பேசாத லூர்தம்மா அந்த மனுசியோடு என்னத்தைப் பேசினாளோ தெரியாது. வெளியே வரும்போது அவளது குளிர்ச்சட்டையில் இரண்டு வருடமாக இல்லாமல் இருந்த பொத்தான் தைக்கப்பட்டிருந்தது.

ரோமர் காலத்துச் சுவரைப் பற்றி நான் எழுதினால் ரோமருக்கு அவமானம். அது ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில், நிலத்தில் பதித்த கண்ணாடிக்குக் கீழே கிடக்கிறதாம். கண்ணாடிக்கு மேலே ஒரு வான் நின்றது. சாரதி வரும் வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், "குனிஞ்சு பாத்தால் ஒரு பக்கத்தாலை தெரியும் தம்பி" என்றீர்கள். நான் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த மரியாதைக்குக் கோட் சூட் போட்டிருந்தேன். அதோடு முழங்காலில் நின்று, கன்னத்தைத் தாரில் வைத்து, வானுக்குக் கீழே பார்த்தேன். ஒரு கல் தெரிந்தது. அல்லது அது வானின் சில்லாகவும் இருக்கலாம். அதற்குள் ஒரு பெண் ஓடிவந்து எனக்கு மாரடைப்பு என்று நினைத்து என் கழுத்துப்பட்டியைத் தளர்த்தி, தண்ணீர் பருக்கி, அம்புலன்சுக்குப் போன் அடிக்கத் தொடங்கிவிட்டா. நான் ரோமர் சுவர் பார்க்கிறேன் என்றேன். அவ அங்கேதான் வாராவாரம் சாமான் வாங்குகிறாவாம், அப்படியொரு சுவர் இருப்பது தெரியாதாம். கடைசியில் அவவும் என் பக்கத்தில் முழங்காலில் நின்று பார்த்தா.

இனிக் கால்வாய். துண்டுப்பிரசுரத்தில் 'செய்து பார்க்க' என்று போட்டிருந்த ஒரே விஷயம் அதுதான்: படகு போவதற்காகத் தண்ணீர்க் கதவைத் திறக்கிறவர்களுக்கு உதவி செய்யலாம். கதவோடு பொருத்தியிருக்கிற நீண்ட மரத்தைப் பின்பக்கத்தால் தள்ள வேண்டும். "நீங்கள் தள்ளுங்கோ தம்பி, நான் படம் எடுக்கிறன்" என்றீர்கள். தள்ளினேன். அசையவில்லை. "இன்னும் கொஞ்சம் பலமா!" என்றீர்கள். பலமாகத் தள்ளினேன். அது வெண்ணெய்போல விலகியது. நான் மல்லாக்க விழுந்து, சரிவில் உருண்டு, முழங்கால் கல்லில் அடிபட்டு, கால்வாயின் ஓரத்துச் சேற்றுத் தண்ணீருக்குள் இடுப்பளவுக்குப் போய் நின்றேன். ஒரு சப்பாத்து இன்னும் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் அப்போதும் படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். அந்தப் படம் குழுவில் போய், கனடாவில் இருக்கிற என் மைத்துனர் வரை எல்லோரும் கண்ணீர் வரச் சிரிக்கிற முகத்தைப் போட்டார்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுத வேண்டும். என்னைத் தூக்கியது டெனிஸ்டன். தூக்கிவிட்டுத் தன் சப்பாத்தைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டு, கார் வரை வெறுங்காலோடு அந்தக் குளிரில் நடந்து வந்தார். சப்பாத்து எனக்கு இறுக்கம், நடக்க ஏலாமல் இருந்தது, அது வேறு கதை. பிறின்சி உதவிக்கு வரவில்லை. புல்லில் குந்திக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சின்னவளாக இருக்கையில் அப்படிச் சிரித்தவள். வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. நனைந்த காற்சட்டையோடு நின்ற எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததுதான். ஆனால் முழுதாக வரவில்லை.

அதற்குப் பிறகு குன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். 'அழகிய காட்சி' என்று போட்டிருந்தது. மேலே ஏறி நின்று கையை நீட்டி, தூரத்தில் ஒரு பெரிய கோபுரமும் ஆறும் பாலமுமாகத் தெரிந்த இடத்தைக் காட்டி, "அந்தா, அதுதான் வடிவான இடம்" என்றீர்கள். அது மார்ல்விக்கா என்று ஆசையோடு கேட்டேன். "சீ, அது பக்கத்து டவுன்" என்றீர்கள். மற்ற இடங்களிலிருந்து மழை எங்களைக் காப்பாற்றியது. பதினான்காவதைக் காரிலேயே வாசித்தீர்கள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்: 'மார்ல்விக் ரயில் நிலையம். இங்கிருந்து லண்டனுக்கு அடிக்கடி விரைவு வண்டிகள் உண்டு.' தன் ஊரில் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றாக, அந்த ஊரை விட்டுப் போகும் வழியையும் சேர்த்த நகரசபையை வேறெங்கும் காண முடியாது.

இவ்வளவும் நடந்த அன்று இரவுச் சாப்பாட்டில், பிறேமா அக்கா நண்டுக் கறி பரிமாறிக்கொண்டிருக்க, நீங்கள் சொன்ன பேச்சுத்தான் என்னை எழுத வைத்தது. "எங்கடை ஊர் சின்னன்தான், ஓம். ஆனா இருக்கிற ஊர். பீலெஃபெல்ட் எண்டு ஒரு ஊரே இல்லையெண்டு ஜேர்மன்காரரே சொல்லுறாங்களாமே தம்பி? இல்லாத ஊரிலை பிள்ளையளை எப்பிடிக் குடியிருத்துறது?" அண்ணை, அது ஜேர்மன்காரர் தங்களுக்குள் சொல்கிற பழைய பகிடி. நான் அகதியாக வந்த நாளிலிருந்து இந்த ஊர் இருக்கிறது. எனக்கு அடையாள அட்டை தந்தது இல்லாத நகரசபையா? பிறின்சி பிறந்தது இல்லாத ஆசுபத்திரியிலா? எங்களுக்கு மலைமேல் கோட்டை இருக்கிறது, வலை போட்டு மூடாத கோட்டை! அதை நான் தினமும் பஸ்ஸில் இருந்து பார்க்கிறேன். இதை எழுதும்போது பக்கத்தில் நின்ற லூர்தம்மா, "ஒருநாளாவது ஏறினனீங்களோ?" என்று கேட்கிறாள். கோட்டை என்பது கீழே இருந்து பார்ப்பதற்குத்தான் கட்டுவது. கோடையில் நீங்கள் வரும்போது எல்லோருமாக ஏறுவோம்.

ஆகையால் என் முடிவான கருத்தைப் பணிவோடும் உறுதியோடும் தெரிவித்துக்கொள்கிறேன். வழமைப்படி மருமகன் டெனிஸ்டன் பெண்வீட்டுக்கு, அதாவது பீலெஃபெல்டுக்கு வர வேண்டும். மொழிக்கு வகுப்பு இருக்கிறது, வேலைக்கு ஆஸ்பில்டுங் என்று தொழிற்பயிற்சி இருக்கிறது, சப்பாத்துக்கு நான் இருக்கிறேன், அவருடைய அளவிலேயே வாங்கிக் கொடுப்பேன். மார்ல்விக்கில் என் பிள்ளையைக் குடியிருத்த நான் சம்மதியேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. அந்த ஊருக்கு இனி நான் காலெடுத்து வைக்கமாட்டேன். வைத்த காலில் ஒன்றின் சப்பாத்து ஏற்கெனவே அங்கே கிடக்கிறது, அது போதும்.

பிறேமா அக்காவின் நண்டுக் கறிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் இரத்த அழுத்தம் குறையவும், மருமகன் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவும், நம் இரு வீட்டாரின் மனமும் ஒரே வழியில், குறிப்பாக என் வழியில், திரும்பவும் மடுமாதா அருள்புரிவாராக.

இப்படிக்கு,
தங்கள் மீது என்றும் மதிப்புக் குறையாத,
அல்பேர்ட்

பிற்குறிப்பு: கடுதாசியை மடித்து உறைக்குள் வைத்தபோது பிறின்சி வந்தாள். தாயும் மகளும் முன்பே பேசிவிட்டார்கள் என்பது லூர்தம்மா என்றும் இல்லாமல் எனக்குத் தேநீர் ஊற்றியதிலேயே தெரிந்தது. "அப்பா, நான் மார்ல்விக்குக்குப் போறன்" என்றாள். கோடை வரை பொறுக்கச் சொன்னேன், கோட்டை இருக்கிறது என்றேன். "அப்பா, வந்த நாளிலையிருந்து நீங்கள் அந்த ஊரைப் பற்றித்தான் கதைக்கிறியள். பஸ்ஸிலை, வேலையிலை, கோயிலிலை, எல்லாரிட்டையும். பீலெஃபெல்டைப் பற்றி என்ரை வாழ்நாளிலை நீங்கள் இவ்வளவு கதைச்சதில்லை" என்றாள். நான் தேநீரைக் குடித்தேன். பிறகு, "அவர் தன்ரை சப்பாத்தைக் கழட்டினதைக் கண்டனீங்கள்தானே?" என்றாள். கண்டேன் என்றேன். கண்டதை இல்லையென்று சொல்ல ஏலாது.

ஆகவே மேலே எழுதியவற்றை வாசித்ததாக எண்ண வேண்டாம். லூர்தம்மா ஏற்கெனவே கணக்குப் போட்டுவிட்டாள்: நாங்கள் ஒவ்வொரு முறையும் ஆறு மாதம் வரை அங்கே வந்து நிற்கலாமாம். கால்வாய்ப் பக்கம் எங்களுக்கு ஓர் அறை எடுத்துவிட்டால் அது பெண்வீடு. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து போனால் வழமையும் குலையாது. பொத்தான் நூதனசாலை மனுசியிடம் அவளுக்கு ஒரு டேர்மின் நீங்கள் எடுத்து வைக்க வேண்டுமாம்.

உங்களிடம் எனக்கு ஒரேயொரு உதவி வேண்டும். அந்த எல்லை அதிகாரி மறுபடியும் கேட்பான், மார்ல்விக்கில் பார்க்க என்ன இருக்கிறது என்று. மகளைப் பார்க்க வருகிறேன் என்று நேரே சொன்னாலே போதும், ஒரு பிரச்சினையும் வராது என்கிறாள் பிறின்சி. போதும்தான் அண்ணை. ஆனால் அந்த மேசைக்கு முன்னால் நின்று அதைச் சொல்லப் போனால் நான் அழுதுவிடுவேன். எல்லைகளில் ஒரு காலத்தில் வேண்டிய மட்டும் அழுதாயிற்று. அதனால் மணிக்கூட்டுக் கோபுரம் பார்க்க வருகிறேன் என்றுதான் சொல்லப்போகிறேன். பதினான்கையும் வரிசை தவறாமல் பாடமாக்க வேண்டும். அந்தத் துண்டுப்பிரசுரத்தில் இன்னொன்றை உடனே தபாலில் அனுப்புங்கோ. என்னுடையது உங்கள் கால்வாயில் கரைந்துவிட்டது.